கேம் உலகில் மந்திரம் எவ்வளவு மலிவு? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

ரோல் பிளேயிங் கேம் ஆடுபவர்கள் ஒரு கட்டத்தில் சொந்தமாக ஒன்றை உருவாக்கிப் பார்க்க ஆசைப்படுவது உண்டு. ஆர்பிஜி மேக்கர் போன்ற சாப்ட்வேர்கள் வந்த பிறகு, புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்ய முடிகிறது. வரைபடம் போடுகிறோம், பாத்திரங்களை உருவாக்குகிறோம், மந்திரங்களைச் சேர்க்கிறோம். ஆனால் அந்த உலகில் மந்திரம் எத்தனை பேருக்குத் தெரியும், எவ்வளவு விலைக்குக் கிடைக்கும் என்று முதலிலேயே முடிவு செய்பவர்கள் குறைவு. இதை முடிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறிய சம்பவத்தில் இருந்து பார்ப்போம்.

கோட்டக்குப்பத்தில் ஒரு கோடை விடுமுறை வகுப்பில், மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்தார்கள். கடற்கரை, படகுகள், சந்தை என்று தங்கள் ஊரைப் போலவே ஒரு ஊர். புயலில் கதாநாயகனின் தாத்தா இறந்து விடுகிறார். புயலை ஏவிய மந்திரவாதியைத் தேடிப் பேரன் புறப்படுகிறான். கேமைச் சோதித்துப் பார்க்க வகுப்பிலேயே சிறிய பையனை உட்கார வைத்தார்கள். அவன் தாத்தாவின் உடல் அருகே போய் நின்று கொண்டு, என்டர் கீயைத் திரும்பத் திரும்ப அழுத்தினான். பிறகு என்னைப் பார்த்து, "சார், சந்தையில உயிர் குடுக்கிற இறகு விக்குது. நான் மூணு வாங்கி வச்சிருக்கேன். தாத்தாவுக்கு ஏன் குடுக்க முடியல?" என்று கேட்டான்.

கேம் செய்த மாணவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அந்த வருடம்தான் அவனுடைய தாத்தா காலமாகியிருந்தார்.

1997-இல் வெளிவந்த பைனல் பேன்டஸி 7 கேமை ஆடியவர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். சண்டையில் விழுந்தவரை எழுப்பும் இறகு அதில் கடையில் கிடைக்கும். ஆனால் கதையின் நடுவே முக்கியமான ஒரு பெண் பாத்திரம் இறக்கும்போது அந்த இறகு பயன்படாது. மந்திரம் மலிவாக இருக்கிற உலகில் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். யாரோ மறுத்திருக்க வேண்டும், அல்லது யாரிடமோ பணம் இல்லாமல் போயிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கதையில் ஓட்டை விழுந்து விட்டது என்று பொருள்.

சரி, இந்த ஓட்டையை அடைப்பது எப்படி? எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து கொள்ளுங்கள். மூன்று சிறிய கணக்குகள் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு 1: ஊரில் மந்திரவாதிகள் எத்தனை பேர்?

இந்த வகை விளையாட்டுகளுக்கு எல்லாம் முன்னோடி டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974-இல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் தாள், பென்சில், பகடை வைத்து ஆடுவது. இதன் மூன்றாம் பதிப்பிலும் (2000), அதைத் திருத்தி வந்த 3.5 பதிப்பிலும் (2003), விளையாட்டை நடத்துபவருக்கான புத்தகத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ஊரின் மக்கள்தொகையைச் சொன்னால், அங்கே எவ்வளவு திறமையான மந்திரவாதி இருப்பார் என்று பகடை உருட்டிக் கண்டுபிடிக்கலாம்.

அந்த அட்டவணையில் 25 ஆயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர் என்றாலே மிகப் பெரிய மாநகரம். நம் நாட்டுக் கணக்கில் அது ஒரு சிறு நகராட்சிதான். 2021-இல் நகராட்சியாக உயர்ந்த கோட்டக்குப்பம்கூட அந்த அட்டவணையில் மாநகரமாகி விடும்! அதன்படி அங்கே 13 முதல் 16 வரையான நிலையில் நான்கு பெரிய மந்திரவாதிகள் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் கீழே பாதி நிலையில் இருவர், அதிலும் பாதி நிலையில் நால்வர் என்று வரிசை இறங்கும்.

இதை எக்ஸெல்லில் போடுவோம்.

1. முதல் நெடுவரிசையில் நிலைகளை எழுதுங்கள்: 16, 8, 4, 2, 1.
2. இரண்டாம் நெடுவரிசையின் முதல் கட்டத்தில் 1 என்று கொடுங்கள். அடுத்த கட்டத்தில், மேல் கட்டத்தை 2-ஆல் பெருக்கும் சூத்திரம் கொடுங்கள்.
3. அந்தக் கட்டத்தின் வலது மூலையை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். 1, 2, 4, 8, 16 என்று நிரம்பும்.
4. கீழே ஆட்டோசம் பொத்தானை அழுத்துங்கள். 31 என்று வரும்.
5. நான்கு பெரியவர்கள் என்பதால் 4-ஆல் பெருக்குங்கள். விடை 124.

ஊரில் 30 ஆயிரம் பேர் என்று வைத்துக் கொண்டால் ஏறக்குறைய 242 பேருக்கு ஒரு மந்திரவாதி. ஒரு தெருவுக்கு ஒருவர் என்று சொல்லலாம். இவர்கள் தவிர, நோய் தீர்க்கும் பூசாரிகள் தனி. அவர்களிலும் 13-ஆம் நிலைக்குக் குறையாத நான்கு பேர் அங்கே இருப்பார்கள். இறந்தவரை எழுப்பும் மந்திரத்துக்கு 9-ஆம் நிலையே போதும்!

அப்படியென்றால் பையனின் கேள்வி நியாயமானது. ஊரிலேயே நான்கு பேர் உயிர் கொடுக்கத் தெரிந்தவர்கள். தாத்தா ஏன் செத்தார்?

கணக்கு 2: கூலிக்காரருக்கு எத்தனை நாள் கூலி?

ஆள் இருப்பது வேறு, அவர் நமக்குக் கிடைப்பது வேறு. இதைக் காட்டுவது விலைப் பட்டியல்தான்.

3.5 பதிப்பில் சாதாரணக் கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளிக் காசு சம்பளம். பத்து வெள்ளி ஒரு தங்கக் காசு. மந்திரவாதிக்குக் கட்டணம் கணக்கிட ஒரு விதி உண்டு. அவருடைய நிலையை மந்திரத்தின் படியால் பெருக்கி, மீண்டும் 10-ஆல் பெருக்க வேண்டும். வருவது தங்கக் காசில் கட்டணம். அரிய பொருள் ஏதும் தேவைப்பட்டால் அதன் விலை தனி.

எக்ஸெல்லில் நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: பொருள், தங்கத்தில் விலை, வெள்ளியில் விலை, கூலி நாட்கள். கூலி நாள் என்பது வெள்ளியில் விலையைத் தினக்கூலியால் வகுத்தால் வரும் எண்.

* சிறு காயம் ஆற்றும் மந்திரம்: 1 x 1 x 10 = 10 தங்கம். 100 நாள் கூலி.
* அதே வேலையைச் செய்யும் மருந்துக் குப்பி: 50 தங்கம். 500 நாள் கூலி.
* அணையாத விளக்கு: 110 தங்கம். 1,100 நாள் கூலி, அதாவது மூன்று வருடம்.
* இறந்தவரை எழுப்புதல்: 9 x 5 x 10 = 450 தங்கம். இதோடு 5,000 தங்கம் பெறும் வைரம் வேண்டும். மொத்தம் 5,450 தங்கம். 54,500 நாள் கூலி.

கடைசி எண்ணை 365-ஆல் வகுத்துப் பாருங்கள். 149 வருடம் வரும். ஒரு நாள் விடாமல் உழைத்து, ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 149 வருடம் ஆகும். நான்கு தலைமுறை சேர்ந்து சேமித்தாலும் போதுமா என்பது சந்தேகம்தான். ஊரில் உயிர் கொடுக்கும் ஆள் இருக்கிறார். மீனவத் தாத்தாவுக்கு அவர் இல்லை.

எனவே "மந்திரம் எவ்வளவு பரவலாக இருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு மந்திரவாதிகளின் எண்ணிக்கை பாதி விடைதான். மீதிப் பாதி இந்தக் கூலி நாள் கணக்கு. நீங்கள் உருவாக்கும் உலகுக்குக் கீழ்க்கண்ட அளவுகோலைப் பயன்படுத்தலாம்.

* ஒரு நாள் கூலிக்குள்: பஸ் டிக்கெட் போல. யாரும் யோசிக்க மாட்டார்கள்.
* ஒரு மாதக் கூலிக்குள்: டாக்டர் செலவு போல. தேவைப்பட்டால் செய்வார்கள்.
* ஒரு வருடக் கூலிக்குள்: நகையை அடகு வைக்க வேண்டும், சீட்டு எடுக்க வேண்டும். இங்கே கதை பிறக்கும்.
* பல வருடக் கூலி: நிலம் விற்க வேண்டும், அல்லது ஊர் கூடி வாங்க வேண்டும்.
* வாழ்நாள் கூலிக்கு மேல்: அரசனுக்கும் பெரு வியாபாரிக்கும் மட்டும். இங்கே கலகம் பிறக்கும்.

கணக்கு 3: தீர்ந்து போவதா, சேர்ந்து கொண்டே போவதா?

மருந்துக் குப்பி குடித்தால் தீர்ந்து விடும். அணையாத விளக்கு தீராது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

ஊரில் வருடத்துக்கு 10 அணையாத விளக்குகள் மட்டுமே செய்கிறார்கள் என்று வையுங்கள். மிகக் குறைவுதான். ஆனால் ஊருக்கு வயது 300 என்றால்? எக்ஸெல்லில் 10-ஐ 300-ஆல் பெருக்குங்கள். 3,000 விளக்குகள். 30 ஆயிரம் பேர் வாழும் ஊரில் வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 6,000 வீடுகள். இரண்டு வீட்டுக்கு ஒரு விளக்கு! அந்த ஊரில் எண்ணெய் வியாபாரி எப்படிப் பிழைப்பார்? இரவில் திருடன் எங்கே ஒளிவான்? நெசவாளி இரவிலும் தறி ஓட்ட மாட்டாரா?

இது பிடிக்கவில்லை என்றால் தேய்மானத்தைச் சேருங்கள். விளக்கு 20 வருடத்தில் மங்கி விடும் என்று வைத்தால், எப்போதும் 200 விளக்குகள்தான் ஊரில் இருக்கும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் கலங்கரை விளக்கிலும் மட்டும் எரியும். மந்திரம் பழையபடி அரிதாகி விடும்.

பூத் மந்திரம்

அளவைத் தீர்மானிக்க ஒரு சுலபமான வழி, நம் ஊருக்குத் தொலைபேசி வந்த கதையை நினைத்துப் பார்ப்பது.

முதல் கட்டத்தில் தபால் நிலையத்திலும் ஒன்றிரண்டு பெரிய வீடுகளிலும்தான் போன் இருந்தது. டிரங்க் கால் பதிவு செய்து விட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் எஸ்டிடி, ஐஎஸ்டி பூத்துகள் வந்தன. வீட்டில் போன் இல்லாதவரும் பேசினார். வளைகுடாவிலும் பிரான்சிலும் உறவினர் உள்ள இந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு பூத்தின் அருமை நன்றாகத் தெரியும். இரவில் கட்டணம் குறையும் வரை காத்திருந்தவர்கள் பலர். மூன்றாம் கட்டத்தில் செல்போன் எல்லோர் கையிலும் வந்து விட்டது. பூத்துகள் மறைந்தன.

மந்திரத்தையும் இப்படி மூன்றாகப் பிரிக்கலாம்.

தபால் நிலைய மந்திரம்: ஒருவர் இருவரிடம் மட்டும். அவரைத் தேடிப் போவதே கதை. டோல்கீனின் கதை உலகில் மந்திரவாதிகள் மொத்தமே ஐந்து பேர். நம் விக்கிரமாதித்தன் கதையிலும் வேதாளம் ஒன்றுதான். அதற்கும் நிபந்தனை உண்டு. அரசன் வாய் திறந்தால் வேதாளம் மரமேறி விடும்.

பூத் மந்திரம்: தெருவுக்கு ஒருவரிடம், எல்லோருக்கும் காசுக்கு. கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் வெளியான எபரான் உலகம் இந்த வகை. சிறு மந்திரங்கள் தொழிலாகி, மின்னலில் ஓடும் ரயில்கூட அங்கே உண்டு. ஆனால் பெரிய மந்திரம் அறிந்தவர்கள் மிகக் குறைவு. பூத்காரருக்கு ஊர் ரகசியம் எல்லாம் தெரியும் என்பது போல, இந்த உலகில் மந்திரவாதிக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும்.

செல்போன் மந்திரம்: எல்லோரிடமும். யாரும் வியக்க மாட்டார்கள். 2000-இல் வந்த டயாப்ளோ 2 கேமில் நீல நிறப் பெயர் கொண்ட பொருட்கள்தான் மந்திரப் பொருட்கள். அவை ஏராளமாகக் கொட்டுவதால், சிறிது நாள் ஆடியவர்கள் குனிந்து எடுக்கக்கூட மாட்டார்கள். மந்திரம் என்ற பெயர் இருக்கும், மதிப்பு இருக்காது.

இதில் எது சிறந்தது என்று கேட்டால், மூன்றுமே நல்லவைதான். ஒன்றைத் தேர்ந்தெடுத்து விட்டு மற்றொன்றின் கதையைச் சொல்வதுதான் தவறு. மாணவர்கள் செய்தது அதைத்தான். கடையில் செல்போன் மந்திரம் விற்று விட்டு, கதையில் தபால் நிலையக் காலத்துத் துயரத்தைக் காட்டினார்கள்.

ரகசியமும் எல்லையும்

விலை மட்டுமே மந்திரத்தை அரிதாக்கும் என்பதில்லை. ரகசியமும் அரிதாக்கும். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கதையில் முக்கியமான மந்திரம் ஒன்றே ஒன்று, குகைக் கதவைத் திறக்கும் சொல். அதைச் சொல்லத் திறமை வேண்டாம், காசு வேண்டாம். தெரிந்தால் போதும். கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் அது ஒரு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை மறந்தவர் உள்ளேயே மாட்டிக் கொள்கிறார்! சித்தர்கள் தம் நூல்களைப் பரிபாஷையில் எழுதியதும் இது போலத்தான். பாடல் எல்லார் கையிலும் இருக்கும், பொருள் குருவிடம் கேட்டவருக்கே விளங்கும்.

இன்னொன்று எல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. கடற்கரை ஒன்று, பேச்சு ஒன்று. ஆனால் வரி வேறு என்பதால் பெட்ரோல் விலையும் வேறு. உங்கள் கேம் உலகிலும் இப்படி ஒரு எல்லைக் கோடு போடலாம். ஒரு பக்கம் மந்திரம் மலிவு, மறுபக்கம் தடை. 2000-இல் வந்த பால்டர்ஸ் கேட் 2 கேமில் அத்கட்லா நகரத் தெருவில் மந்திரம் பயன்படுத்த 5,000 தங்கம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். வாங்காமல் பயன்படுத்தினால் முகமூடி மந்திரவாதிகள் வந்து விடுவார்கள். ஒரே உலகில் இரண்டு அளவு வைப்பதால் கடத்தல், சோதனைச் சாவடி, லஞ்சம் என்று பல கதைகள் தாமாகவே கிடைக்கும்.

ஆர்பிஜி மேக்கரில் மாற்றுவது எப்படி?

ஆர்பிஜி மேக்கர் விலைக்குக் கிடைக்கும் சாப்ட்வேர். வாங்கும் முன் அதன் சோதனைப் பதிப்பில் பழகிப் பார்க்கலாம். முடிவு செய்த அளவைக் கேமில் கொண்டு வர, எப்9 கீயை அழுத்தி டேட்டாபேஸ் பகுதியைத் திறங்கள்.

1. ஐட்டம்ஸ் டேபில் ஒவ்வொரு பொருளின் விலையையும் உங்கள் எக்ஸெல் தாளோடு ஒப்பிடுங்கள். முதலில் ஊரில் ஒரு கூலிக்காரரின் தினக்கூலியை முடிவு செய்து, அதை ஏதாவது ஒரு பாத்திரம் பேச்சில் சொல்லும்படி வையுங்கள். அப்போதுதான் விலை மலிவா அதிகமா என்பது ஆடுபவருக்கு விளங்கும்.
2. ஸ்கில்ஸ் டேபில் மந்திரத்துக்கான சக்திச் செலவைப் பாருங்கள். அரிதாக இருக்க வேண்டிய மந்திரத்துக்குச் செலவை உயர்த்துங்கள்.
3. கிளாசஸ் டேபில் எந்த நிலையில் எந்த மந்திரம் கற்கலாம் என்ற பட்டியல் இருக்கும். எல்லா வகைப் பாத்திரத்துக்கும் மந்திரம் கொடுத்திருந்தால் அதைக் குறையுங்கள்.
4. ஸ்டேட்ஸ் டேபில் முதல் இடத்தில் இருப்பது, உயிர்ச் சக்தி பூஜ்யம் ஆனால் வரும் நிலை. இதற்கு "இறப்பு" என்று பெயர் வைக்காதீர்கள். "மயக்கம்" என்று வையுங்கள்.

நான்காவது குறிப்பு மிகச் சிறியது. ஆனால் பையனின் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் கிடைத்தது. சண்டையில் விழுந்தவர்கள் சாகவில்லை, மயங்கினார்கள். இறகு மயக்கம் தெளிவிக்கும், உயிர் கொடுக்காது. அதன் பெயரையும் அதற்கேற்ப மாற்றி விட்டார்கள்.

மீதிப் பாதிக்கு மாணவர்கள் இரண்டு நாள் விவாதித்தார்கள். உயிர் கொடுக்கும் மந்திரமே வேண்டாம் என்றான் ஒருவன். கடைசியில், உலகத்துக்கு ஒன்றே ஒன்று, அதையும் ஒரே முறைதான் பயன்படுத்தலாம் என்று வைத்தார்கள். கேமின் முடிவில் அது கதாநாயகன் கைக்கு வருகிறது. அதை எடுத்துக் கொண்டு ஊருக்குத் திரும்புகிறான். கடற்கரையில் ஏழு கல்லறைகள். அந்தப் புயலில் இறந்தது தாத்தா மட்டும் இல்லை.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையில்தான் கடந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு சுனாமி. எனவே ஏழு கல்லறை வைத்தவர்களிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை.

சிறிய பையனை மீண்டும் உட்கார வைத்தார்கள். இந்த முறை அவன் என்டர் கீயை உடனே அழுத்தவில்லை. ஒவ்வொரு கல்லறையாகப் போய் அதில் எழுதியிருந்ததைப் படித்தான். வகுப்பு முடியும் நேரம் வந்த போது சேவ் செய்து விட்டு, "நாளைக்கு வந்து சொல்றேன் சார்" என்று எழுந்து போனான்.

நீங்களும் உங்கள் கேமின் கடை விலைப் பட்டியலை எடுத்து, பக்கத்தில் கூலி நாள் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். உங்கள் உலகில் யார் அழலாம், யார் அழத் தேவையில்லை என்பது அந்த நெடுவரிசையில் தெரிந்து விடும்.